மொட்டைமாடிச் சப்பாத்திக்கள்ளி: குழம்புக்கும் சுண்ணாம்புக்கும்

கள்ளியை வீட்டில் வளர்த்தால் என்ன பயன் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். கம்ப்யூட்டர் கதிர்வீச்சை இழுத்துக்கொள்ளும், ராத்திரி ஆக்சிஜன் தரும், அறைக் காற்றைச் சுத்தம் செய்யும். இந்த மூன்றுக்காகவும் நான் கள்ளி வளர்க்கவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டைமாடியில் நிற்கும் சப்பாத்திக்கள்ளி குழம்புக்குப் போகிறது, பொரியலுக்குப் போகிறது, கோடைக்கு முன்னால் தளத்தில் அடிக்கும் சுண்ணாம்பில் பசையாகவும் போகிறது. அதை எப்படி நட்டேன், எப்படி அறுக்கிறேன், சுண்ணாம்பில் எவ்வளவு சேர்த்தால் நிற்கிறது என்பதைச் செய்து பார்த்தவரையில் எழுதுகிறேன். அந்த மூன்று பதில்களும் சரியா என்பதை நடுவில் சொல்கிறேன்.

நடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். நம் ஊரில் கள்ளி என்று அழைப்பவை எல்லாம் ஒரே குடும்பம் அல்ல. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். அது தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும், வயிற்றுக்குள் போகவே கூடாது. சப்பாத்திக்கள்ளி உண்மையான கேக்டஸ், அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தது. அதை வெட்டினால் பால் வராது, நிறமில்லாத வழவழப்பான சாறுதான் வரும். முள் முளைக்கிற இடத்தைக் கூர்ந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். கேக்டஸில் ஒவ்வொரு முள்கொத்துக்கும் அடியில் பஞ்சு மாதிரி சின்ன மேடு இருக்கும். நம் பால்கள்ளிகளில் அது இருக்காது, சதுரக்கள்ளியில் முள் இரண்டிரண்டாக நிற்கும். கேக்டஸிலும் தொட்டியில் வளர்க்கும் சில குட்டி வகைகளில் பால் உண்டு என்பதால், என் வீட்டு விதி இதுதான்: வெட்டினால் பால் வருகிற எதுவும் சமையலறைக்குள் வராது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு எங்கள் அம்மாவும் ஒரு காரணம். "கள்ளியப் போய் சட்டியில போடுவாளாட்டி? சாவதுக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறந்த பெண் குழந்தைகளுக்குக் கள்ளிப்பால் புகட்டிய கொடுமையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. தெருமுனை வேலியிலிருந்த திருகுகள்ளிக் குச்சியையும் என் சப்பாத்திக்கள்ளி மடலையும் அம்மா முன்னாலேயே, கையுறை போட்டுக்கொண்டு, வெட்டிக் காட்டினேன். ஒன்றில் பால் பொங்கி நின்றது, இன்னொன்று வெள்ளரிக்காய் போல ஈரமாக மட்டும் இருந்தது. அதற்குப் பிறகுதான் அடுப்புப் பக்கம் விட்டாள்.

நட்ட விதம்

தேரிக்காட்டிலும் ரோட்டோரத்திலும் நாம் பார்க்கும் முள் நிறைந்த சப்பாத்திக்கள்ளி, நாகதாளி என்றும் சொல்வோமே, அது பழத்துக்கு நல்லது, மடலுக்கு ஆகாது. மடல் சமைக்க வளர்ப்பது ஒபுன்ஷியா ஃபிகஸ் இண்டிகா என்ற பெரிய வகை. அதில் முள்ளில்லாத ரகங்கள் இருக்கின்றன. மெக்சிகோவில் இந்த இளமடலுக்கு நோபால் என்று பெயர், அங்கே காய்கறிக் கடையில் கீரை போல விற்பார்கள். நம் நாட்டில் வறட்சிக் காலத் தீவனமாக இதை வளர்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனமும் ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமும் இதில் வேலை செய்திருக்கின்றன. எனக்குக் கிடைத்தது கோவில்பட்டிப் பக்கம் ஆடு வளர்க்கும் ஒரு சொந்தக்காரரிடமிருந்து. ஆட்டுக்கு என்று வைத்திருந்த செடியில் நன்றாக முற்றிய மடல்கள் சிலவற்றைக் கணுவில் அறுத்துக் கொடுத்தார்.

அறுத்த மடலை உடனே நடக்கூடாது. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் சும்மா சாய்த்து வைக்கவேண்டும். நம் வெயிலில் இரண்டு வாரம் போதும், மழைக்காலம் என்றால் கூடுதலாக ஆகும். ஈரவாயோடு மண்ணில் வைத்தால் அழுகல் உள்ளே ஏறிவிடும். காய்ந்த மடலை அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி நிமிர்த்தி நட்டேன். தட்டையான முகம் மேற்கு வெயிலை நேராக வாங்காதபடி விளிம்பை மேற்குப் பக்கம் திருப்பி வைத்தேன். தோட்டங்களில் வெளிச்சம் நிறையக் கிடைக்கட்டும் என்று முகத்தைக் கிழக்கு மேற்காக வைப்பது வழக்கம். சித்திரை வெயிலில் சிமென்ட் தளத்துக்கு மேலே நிற்கிற செடிக்கு வெளிச்சம் குறைவு என்ற பேச்சே கிடையாது.

மண் கலவையில் ஒரே குறிக்கோள், ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கவேண்டும். செம்மண் ஒரு பங்கு, தூசி போகக் கழுவிச் சலித்த எம்-சாண்ட் ஒரு பங்கு, உடைத்த ஓட்டாஞ்சில்லும் செங்கல் துண்டும் அரைப் பங்கு, மக்கிய ஆட்டுப் புழுக்கை அரைப் பங்கு. தேங்காய் நார்க்கழிவு சேர்க்கவில்லை, அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். தொட்டியின் அடியில் பெரிய துளைகள் வேண்டும். நட்ட முதல் வாரங்களில் தண்ணீரே விடக்கூடாது, வேர் விட்டுவிட்டதா என்று லேசாக அசைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதற்கப்புறம் கோடையில் மண் முழுதும் காய்ந்தபின் ஒருமுறை நிறைய ஊற்றுவேன். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சொட்டும் விடுவதில்லை. வடகிழக்குப் பருவமழைதான் நம் பக்கம் கள்ளிக்கு வரும் பெரிய கண்டம். அந்த மாதங்களில் தொட்டிக்கு மேலே ஒரு பழைய ஃபிளெக்ஸ் விரிப்பைச் சரிவாகக் கட்டிவிடுவேன்.

மாடியில் வைப்பவர்கள் எடையைக் கணக்குப் பார்க்கவேண்டும். ஈரமண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேலேயே இருக்கும். 80 லிட்டர் பிடிக்கும் சிமென்ட் தொட்டி, அதன் எடையும் செடியும் சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டிவிடும். என் தொட்டிகள் எல்லாம் கீழே சுவர் அல்லது பீம் போகும் வரிசையிலேயே நிற்கின்றன, தளத்தின் நடுவில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் செங்கல் மேல் உயர்த்தி வைத்தது. அடியில் காற்று போகும், தட்டோடும் ஊறாது.

வெயில் ஏறி வரும்போது மடல் விளிம்பில் பச்சை மொட்டுகள் தள்ளும். இளமடலில் சின்னச் சின்னக் கூம்புகள் துருத்திக்கொண்டு நிற்கும். அவைதான் சப்பாத்திக்கள்ளியின் உண்மையான இலைகள். கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும். அந்தக் கூம்புகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பருவம், மடல் உள்ளங்கை அளவு, அதுதான் சமைக்க ஏற்றது. முற்றினால் உள்ளே நார் விழுந்துவிடும்.

சிவப்புக் கறை

மடல் இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தால் மாவுப்பூச்சி என்று நினைக்கத் தோன்றும். ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். ஆழ்ந்த சிவப்புச் சாயம் வந்தால் அது கொச்சினீல் பூச்சி. என் செடிகளிலும் வந்தது, விரல் முழுக்கச் சிவந்துபோயிற்று.

அந்தச் சிவப்புக்கு நம் மண்ணில் ஒரு நீண்ட கதை இருக்கிறது. துணிக்குச் சிவப்புச் சாயம் எடுக்கும் பூச்சியை இந்தியாவில் வளர்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. அதற்குத் தீனியாகச் சப்பாத்திக்கள்ளி வளர்க்க 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது நல்ல சாயம் தரும் இனம் இல்லை, டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் என்ற காட்டு இனம். சாயம் தேறவில்லை. நாகதாளி அல்லாத வேறொரு சப்பாத்திக்கள்ளி இனத்தைத்தான் தின்று தீர்த்தது. கள்ளிக்கு எதிரி கிடைத்துவிட்டது என்று 19ஆம் நூற்றாண்டில் அதைத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். பூச்சியை விட்டுக் களையை அழித்த முதல் முயற்சிகளில் ஒன்றாக உலகப் பூச்சியியல் நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. ஆனாலும் நாகதாளியை அந்தப் பூச்சி தொடவில்லை. அது வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடிக்கொண்டே போயிற்று. 1926இல் இலங்கையிலிருந்து டாக்டிலோபியஸ் ஒபுன்ஷியே என்ற இன்னொரு இனத்தைக் கொண்டுவந்து விட்டபிறகே அடங்கியது. இன்று ரோட்டோரத்தில் அங்கங்கே மட்டும் நாகதாளி தென்படுவதற்கு இந்தப் பூச்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த இரண்டாவது இனம் முள்ளில்லாத ரகத்தையும் விட்டுவைக்காது. மொராக்கோ நாட்டில் 2014க்குப் பிறகு கள்ளித் தோட்டங்களைப் பெருமளவு அழித்தது இதுதான். அதனால் பஞ்சு கண்ணில் பட்ட அன்றே வேலையைத் தொடங்கவேண்டும். நான் முதலில் ஹோஸ் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினேன். மிஞ்சியதைப் பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். சாயங்காலம் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தேன். பஞ்சின் மெழுகுப் பூச்சுக்குள் மருந்து இறங்காது, தேய்த்து உடைத்தால்தான் உண்டு. நிறைய ஒட்டிய மடல்களை அறுத்துப் பையில் கட்டிப் போட்டேன்.

விடியற்காலை மடலும் அந்தி மடலும்

இந்தச் செடியில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது. ஒரே செடியில், ஒரே அளவு மடல், விடியற்காலையில் அறுத்தால் நல்ல புளிப்பாக இருக்கும். சாயங்காலம் அறுத்தால் புளிப்பு மிகக் குறைவு. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைக் கழுவிப் பச்சையாகக் கடித்துப் பாருங்கள்.

காரணம் செடி மூச்சு வாங்கும் விதம். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். கள்ளி பகலில் திறந்தால் சேமித்த தண்ணீரெல்லாம் ஆவியாகிவிடும். அதனால் ராத்திரியில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. ஆப்பிளுக்குப் புளிப்புத் தருவதும் இந்த அமிலம்தான். விடிந்து வெயில் வந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்தை உடைத்துச் சர்க்கரை செய்கிறது. விடியலில் அமிலம் நிறைந்திருக்கும், அந்தியில் செலவாகியிருக்கும். எங்கள் வீட்டில் புளிக்குழம்புக்கு என்றால் காபி குடிக்கும் முன் அறுப்பேன், புளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பொரியலுக்கு என்றால் நாலு மணிக்கு மேல்.

ராத்திரி ஆக்சிஜன் தரும் என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். ராத்திரியில் கள்ளி கரியமில வாயுவை எடுப்பது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உருவாக வெளிச்சம் வேண்டும், அது பகலில்தான் நடக்கும். படுக்கையறையில் ஒரு குட்டித் தொட்டி எடுக்கிற கரியமில வாயு, பக்கத்தில் தூங்குகிறவர் விடும் மூச்சுக்கு முன்னால் கணக்கிலேயே வராது. காற்றைச் சுத்தம் செய்யும் என்பது 1989இல் நாசாவில் பில் வோல்வர்ட்டன் செய்த ஆய்விலிருந்து பரவியது. காற்றுப் புகாத சின்னக் கூண்டுக்குள் செடிகளை வைத்து அளந்த ஆய்வு அது. 2019இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டடத்தில் இயல்பாகக் காற்று உள்ளே வந்து வெளியே போவதால் கிடைக்கும் சுத்தத்துக்குச் செடிகள் ஈடுகொடுக்க, ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள்வரை வேண்டியிருக்கும் என்றார்கள். ஜன்னலைத் திறந்துவைப்பதே மேல். கம்ப்யூட்டர் பக்கத்துக் கள்ளி கதிர்வீச்சை உறிஞ்சும் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. இதையெல்லாம் சொல்லிச் செடி விற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நிஜமாகவே இவ்வளவு தருகிற செடிக்கு இல்லாத பெருமை எதற்கு?

அடுப்பில்

முள்ளில்லாத ரகம் என்றாலும் சுணை உண்டு. மடலில் கண்கண்ணாக இருக்கும் இடங்களில் மயிரிழை முட்கள் கூட்டமாக ஒளிந்திருக்கும். வெறுங்கையில் தொடவே கூடாது. இடுக்கியால் பிடித்து, கத்தியைப் படுக்கவைத்து ஒவ்வொரு கண்ணையும் சுரண்டி எடுப்பேன். சுற்று விளிம்பை முழுதாகச் சீவிவிடுவேன், அங்கேதான் கண் அதிகம். பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவவேண்டும். தோலில் சுணை ஏறிவிட்டால் தேய்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதை முள்வாங்கியால் எடுத்துவிட்டு, மேலே வெள்ளைப் பசையைத் தடவி மெல்லிய துணியை ஒட்டி, காய்ந்தபிறகு உரித்தால் மிஞ்சியது வந்துவிடும். தொலைக்காட்சிக்குப் பக்கத்திலும் குழந்தைகள் ஓடும் இடத்திலும் இந்தச் செடி வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். மாடிதான் அதற்குச் சரியான இடம்.

கொழகொழப்பைச் சமாளிக்க வெண்டைக்காய்க்குச் செய்வதே போதும். நறுக்கிய துண்டுகளை இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் வதக்கினால் சாறு வெளியே வந்து, பொங்கி, வற்றி, நிறம் மங்கும். அதற்குப் பின்னால் தாளித்துக் கொட்டித் தேங்காய்த் துருவல் போட்டால் பொரியல். புளிக்குழம்பில் நேராகப் போடலாம், புளி கொழகொழப்பை முறித்துவிடும். சின்ன வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெய் தாராளம். மோர்க்குழம்பு எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, மேலே ஒரு வழவழப்பு நிற்கிறது. சுவை எப்படி என்றால், இளம் கொத்தவரையும் கொஞ்சம் மாங்காயும் சேர்ந்த மாதிரி.

உடம்புக்கு என்ன கிடைக்கும்? நூறு கிராம் பச்சை மடலில் 94 கிராம் தண்ணீர்தான். மீதியில் நார் 2 கிராமுக்குச் சற்று மேல், கால்சியம் 160 மில்லிகிராம் அளவு, மக்னீசியம் 50 மில்லிகிராம் அளவு, வைட்டமின் சி 9 மில்லிகிராம். கலோரி 16தான். கால்சியம் எண் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் கால்சியத்தைக் கட்டிப்போடும் ஆக்ஸலேட் என்ற பொருளும் இதில் இருப்பதால் முழுக்க உடம்பில் சேராது. அந்த ஆக்ஸலேட் காரணமாகவே சிறுநீரகக் கல் வந்தவர்கள் தள்ளி வைப்பது நல்லது. சர்க்கரை நோய்க்கு மருந்து என்று பரவலாகச் சொல்கிறார்கள். சாப்பாட்டோடு நோபால் சேர்த்தால் சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை குறைகிறது என்று மெக்சிகோவில் சிறிய ஆய்வுகள் வந்திருக்கின்றன. கரையும் நாரும் வழவழப்பும் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துவது அதற்கு ஒரு காரணம். எங்கள் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. அவளுக்கு இது ஒரு காய், அவ்வளவே. மாத்திரை மாத்திரையாகவே போகிறது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மடலைச் சாறாக அடித்துத் தினமும் குடிக்க ஆரம்பித்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிட வாய்ப்பு உண்டு, டாக்டரிடம் சொல்லாமல் அதைச் செய்யவேண்டாம்.

பழத்துக்கு நாகதாளிதான். சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கம் தேரி மணலில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பறித்ததை மணலில் போட்டுச் செருப்புக்காலால் உருட்டினால் சுணை பெரும்பகுதி போய்விடும். நான் அடுப்புத் தீயில் இடுக்கியால் பிடித்துச் சுற்றி வாட்டுகிறேன், பிறகு தோலை முழுக்க உரிக்கிறேன். கொட்டையை வடிகட்டியில் நிறுத்திவிட்டு, சாறோடு எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்தால் பார்க்கவே அழகான ஜூஸ். இந்தச் செஞ்சாயம் பீட்ரூட்டில் இருக்கும் இனத்தைச் சேர்ந்தது, சூடு பட்டால் மங்கும், அதனால் கொதிக்கவிடக் கூடாது. மறுநாள் சிறுநீர் சிவந்து போனால் பயப்படவேண்டாம். கொட்டையோடு நிறைய விழுங்கினால் மலம் இறுகிவிடும், குழந்தைகளைக் கவனிக்கவேண்டும்.

சுண்ணாம்பில்

இனி மாடித் தளம். எங்கள் வீட்டில் மேல்மாடி அறை கோடையில் ராத்திரி பதினொன்று ஆனாலும் வெக்கை விடாது. தட்டோட்டுக்கு மேல் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திரும்பிப் போகும், சூடு இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தொல்லை என்னவென்றால் வெறும் சுண்ணாம்பு கையிலும் காலிலும் மாவாக ஒட்டும், முதல் மழையில் பாதி ஓடிவிடும். அதற்காகக் கடையில் கிடைக்கும் பசை சேர்ப்பார்கள். மெக்சிகோவில் பல தலைமுறைகளாகக் கள்ளி மடலின் கொழகொழப்பைச் சுண்ணாம்புப் பூச்சிலும் மண்சுவர் பூச்சிலும் சேர்க்கிறார்கள். மாடியில் முற்றிய மடல் சமைக்க ஆகாமல் கிடந்தது. பரீட்சை செய்து பார்த்தேன்.

கள்ளி நீர் எடுப்பது எளிது. முற்றிய மடல்களைக் கையுறையோடு சின்னத் துண்டுகளாக வெட்டி, அதே அளவு தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தேன். மறுநாள் கையில் எடுத்தால் நூல் நூலாக இழுக்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் வேலை முடிந்தது. அதற்கு மேல் வைத்தால் நம் சூட்டில் புளித்து நாற்றமடிக்கும். அன்றே பயன்படுத்திவிடவேண்டும். சக்கை உரக்குழிக்கு.

சுண்ணாம்புக்குக் கற்சுண்ணாம்பு வாங்கினேன். நீற்றும்போது கவனம் தேவை. கல்லைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், கல் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும், இரும்பு டிரம் நல்லது. கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் பக்கத்தில் போகவேண்டாம், கண்ணில் பட்டால் கெடுதி பெரிது. நீற்றியதைச் சில நாள் தண்ணீர் மூடி நிற்கும்படி வைத்துப் பிறகு சலித்தேன்.

அடிப்பதற்கு முன்னால் தளத்தின் ஒரு மூலையில் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டேன். ஒன்றில் வெறும் சுண்ணாம்புப் பால். ஒன்றில் கடைப் பசை சேர்த்தது. ஒன்றில் நாலு பங்கு சுண்ணாம்புப் பாலுக்கு ஒரு பங்கு கள்ளி நீர். கடைசியில் சரிபாதி. வேலைக்கு வந்த கொத்தனார் அண்ணாச்சி கலவையை மட்டையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, வழுவழுன்னு இழுக்கு?" என்றார். சொன்னதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அந்தக் காலத்துல கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்டு அந்தத் தண்ணிலதான சுண்ணாம்பு அரைச்சாவ. பசைன்னு ஒண்ணு வேணும்லா" என்றார். உண்மைதான், நம் பழைய கட்டடக்காரர்கள் இதே காரணத்துக்காக வேறு செடிகளை நாடியிருக்கிறார்கள்.

தளத்தைக் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாசியை எடுத்தோம். வெயில் தாழ்ந்தபிறகு தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பால் போல நீர்த்த கலவையை மெல்லிசாக அடித்தோம். தடித்து அடித்தால் வெடிக்கும். மறுநாள் காலை லேசாகத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் அடுத்த பூச்சு. சுண்ணாம்பு இறுகுவது வெறுமனே காய்ந்து அல்ல. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மறுபடியும் கல்லாக மாறவேண்டும், அதற்கு ஈரம் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். கள்ளி நீர் செய்யும் பெரிய உதவி இதுதான், ஈரத்தைச் சட்டென்று விடாமல் பிடித்துவைக்கிறது. காயும்போது வெறும் சுண்ணாம்புக் கட்டம் வெளுத்த பிறகும் கள்ளிக் கட்டங்கள் நெடுநேரம் ஈரநிறத்திலேயே இருந்தன.

காய்ந்தபிறகு உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். வெறும் சுண்ணாம்பில் கை வெள்ளையாயிற்று. நாலுக்கு ஒன்று கலந்ததில் மிகக் கொஞ்சம்தான் ஒட்டியது. சரிபாதிக் கலவை முதலில் பளபளவென்று இருந்தது, பிறகு மெல்லிய செதில்களாகப் பெயர்ந்தது. ஆகவே கூடக் கூட நல்லது என்று கிடையாது. கடைப் பசை சேர்த்த கட்டமும் கையில் ஒட்டவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு பார்த்தபோது நாலுக்கு ஒன்று கட்டமும் பசைக் கட்டமும் ஏறக்குறையச் சமமாகவே நின்றன, வெறும் சுண்ணாம்புக் கட்டத்தில் தட்டோட்டின் சிவப்பு எட்டிப்பார்த்தது. ஆரம்பத்தில் இளம்பச்சை தட்டியது, வெயிலில் போய்விட்டது. எறும்போ பூசணமோ வரவில்லை, சுண்ணாம்பின் காரத்தில் அவை தங்காது.

முழுத் தளத்துக்கும் நாலுக்கு ஒன்று கணக்கில்தான் அடித்தோம். மத்தியானம் வற்றல் காயப்போட இப்போது செருப்பில்லாமல் ஏறிவிட முடிகிறது. மேல்மாடி அறையில் மின்விசிறிக் காற்று சுடுவது குறைந்திருக்கிறது. இது சுண்ணாம்பின் வெள்ளையால் கிடைத்த பலன், கள்ளியால் அல்ல. கள்ளி செய்தது அந்த வெள்ளையை அங்கேயே இருக்கவைத்தது. பிளாஸ்டிக் பசை வாங்காமல், மாடியில் விளைந்ததைக்கொண்டே அது முடிந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

மீந்த கள்ளி நீரைக் கலங்கல் தண்ணீரிலும் சோதித்தேன். தேற்றாங்கொட்டை தேய்ப்பது போலவே, மழைக்காலத்துக் கலங்கல் தண்ணீர் வாளியில் ஒரு கரண்டி விட்டுக் கலக்கி வைத்தால் சேறு திரண்டு அடியில் படிகிறது. தென் புளோரிடா பல்கலைக்கழகத்தில் நோர்மா அல்காந்தர் குழு இதை ஆராய்ந்து வருகிறது. மண் படிந்தாலும் கிருமி சாகாது, ஆகவே அந்தத் தண்ணீரை வீடு துடைக்கவும் செடிக்கும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் தை மாதம் மடல் வாங்கி நடலாம், மழை முடிந்திருக்கும், வெயில் ஏறுவதற்குள் வேர் பிடித்துவிடும். சமைக்க முதல் வருடமே ஓரிரு மடல் அறுக்கலாம். சுண்ணாம்புக்கு என்றால் செடியில் பல அடுக்கு மடல் வந்தபிறகு, அடிமடல்களை விட்டுவிட்டு மேலிருப்பதில் முற்றியதை மட்டும் எடுக்கவேண்டும். எங்கள் கைப்பிடிச் சுவருக்கு வரும் மாசியில் அடிக்கப் போகிறோம். அண்ணாச்சி சொன்ன கடுக்காய்த் தண்ணீரில் ஒரு கட்டம், கள்ளி நீரில் ஒரு கட்டம், இரண்டும் சேர்த்து ஒரு கட்டம் என்று இப்போதே சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.